கல்லை ஒட்டி

அனுமந்தன்பட்டி
6.2.2025

அன்புள்ள சல்மா அத்தைக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். உங்கள் முட்டி வலியைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை.

போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் பிள்ளை தௌபீக் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். உங்கள் போனையும் அவன்தான் எடுக்கிறான். அம்மா போனில் அடித்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அதனால் உத்தமபாளையம் போய்க் கவர் வாங்கி வந்து எழுதுகிறேன். அவன் ஆபீஸ் போன பிறகு தபால்காரர் வருவார் என்று ஒரு நம்பிக்கை.

எங்கள் தோட்டத்தை ஒட்டிய நிலத்தை விற்கிறீர்களாம். வாங்குகிறவர் தேனியில் பைனான்ஸ் நடத்துகிறவர், பிளாட் போடப் போகிறாராம். உங்கள் நிலம், உங்கள் இஷ்டம். ஆனால் பத்திரம் முடிப்பதற்கு முன்னால் எல்லையில் வேலி போட்டுத் தர வேண்டும் என்கிறாராம். அங்கேதான் என் தலையில் இடி.

எங்கள் திராட்சைப் பந்தலின் இழுகம்பிகள் எட்டும் உங்கள் பக்கம்தான் இறங்குகின்றன. ஓரத்துக் கல்தூண்கள் பாரத்தில் உள்ளே சாயாமல் வெளியே இழுத்துப் பிடிப்பது அந்தக் கம்பிகள்தான். எல்லையிலிருந்து ஆறடி தள்ளி, உங்கள் மண்ணில் கல்லைப் புதைத்துக் கட்டியிருக்கிறது. உயிரோடு இருந்த காலத்தில் பாருக் மாமாவும் எங்கள் அப்பாவும் வாயால் பேசிப் புதைத்த கல். எழுத்தில் எதுவும் கிடையாது. எல்லையில் வேலி வந்தால் கம்பியை அறுக்க வேண்டும். அறுத்தால் ஒரு தூண் சாயும். ஒன்று சாய்ந்தால் முழுப் பந்தலும் படுத்துவிடும்.

காய் இப்போதுதான் நிறம் வைக்கிறது. அப்பா போன பிறகு நான் ஒருத்தியாய் நின்று எடுக்கிற முதல் வெள்ளாமை. பந்தல் படுத்தால் திரும்ப எழுப்ப எனக்குச் சக்தி இல்லை. நானும் அதே பைனான்ஸ்காரரிடம் போய் நிற்க வேண்டியதுதான். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

மார்ச் கடைசி வரை பொறுக்கச் சொல்லுங்கள். பழத்தை வெட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும். ஓரத்துக் கொடி ஒரு வரிசையை நானே எடுத்துவிட்டு இழுகல்லை என் மண்ணுக்குள் மாற்றிக்கொள்கிறேன். அதுவரைக்கும்தான் கேட்கிறேன்.

முட்டி வலி எப்படி இருக்கிறது?

உங்கள்
நாகஜோதி


பல்லாவரம்
12.2.2025

அன்பு மகள் நாகுவுக்கு,

இறைவன் கிருபையால் இருக்கிறோம். முட்டி அப்படியேதான். மூன்றாவது மாடி. லிப்ட் உண்டு, அதற்கு மனம் வந்தால் ஓடும். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். அவர்கள் திறந்தால் நாங்கள் சாத்த வேண்டும். உன் கையெழுத்தைப் பார்த்ததும் தோட்டத்து வாசமே வந்தது போல இருந்தது, பிறகு படித்தேன்.

விற்கிற விஷயத்தை நானே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. தௌபீக் இங்கே வாடகை வீட்டுக்கு அலைந்ததை நீ பார்க்கவில்லை. பேரைக் கேட்கும் வரை வீடு காலியாக இருக்கும். பேரைச் சொன்னதும், "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாருங்க" என்பார்கள். அடுத்த வாரமும் டு-லெட் போர்டு அப்படியே தொங்கும். சொந்தமாக ஒரு வீடு வாங்காமல் ஓயமாட்டேன் என்று நிற்கிறான். அதற்குத்தான் நிலம்.

நீ போனில் அவனிடம் என்ன சொன்னாய் நாகு? "உனக்கு இந்த ஊர்ல என்னடா இருக்கு?" என்றாயாமே. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. "அவளுமாம்மா?" என்று மட்டும் கேட்டான். பிறகுதான் உன் நம்பரை பிளாக் செய்தான். என்னிடம் அதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே.

வேலியைப் பற்றிப் பேசிப் பார்க்கிறேன். நீ ஒன்று செய். தௌபீக்கின் அத்தா புதைத்த இழுகல்லெல்லாம் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். புல்லைச் செதுக்கிவிட்டுக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வை. வேலிக்கு வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். தெரியாமல் கடப்பாரையைப் போட்டுவிடக் கூடாது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். உனக்காக துஆ செய்கிறேன்.

சல்மா


அனுமந்தன்பட்டி
18.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

சுண்ணாம்பு அடித்துவிட்டேன். எட்டுக் கல்லும் ரோட்டிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரிகிறது.

தௌபீக்கிடம் நான் சொன்னது வேறு. சென்னைக்குப் போனவன், மூன்று வருடமாய் இந்த மண்ணில் கால் வைக்காதவன், அவனுக்கு இங்கே என்ன இருக்கிறது என்றுதான் கேட்டேன். வேறு யார் ஊரை விட்டுப் போய் உட்கார்ந்துகொண்டு இப்படி வேலி போட்டாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அவன் அதை அப்படி எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கே இன்னொரு தொல்லை முளைத்திருக்கிறது. வேலுச்சாமி தோட்டத்துக்கே வந்துவிட்டார். எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் துண்டு நிறம் மாறுமே, அதே ஆள்தான். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"ஏத்தா, அவுக ஆளுக நம்மூருக்குள்ள வந்து வேலி போடுறதா? ஒரு வார்த்த சொல்லு. நாலு பயலுகள விட்டுப் போஸ்ட்ட எல்லாம் புடுங்கி எறிஞ்சுர்றேன்."

"அவுக ஊரும் இதேன். நீங்க கெளம்புங்க" என்றேன்.

"பொம்பளப் புள்ள ஒத்தையில கெடந்து அல்லாடுறியேன்னு வந்தேன்."

"எங்கப்பா செத்தப்ப இந்த அக்கற எங்கன போச்சு?"

முகம் கறுத்துவிட்டது. "வக்காலத்து வாங்குறியா? வாங்கு, வாங்கு. பந்தல் விழுகட்டும், தானா வருவ" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பயமாக இருக்கிறது அத்தை. நான் கேட்பது மார்ச் வரைக்கும் பொறுக்கத்தான். அதை இவர்கள் எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்களோ. வேலிக்காரர்கள் வருகிற அன்று இந்த ஆள் நாலு பேரோடு வந்து நின்றால் என்ன ஆகும்? காற்று கொஞ்சம் பலமாக வீசினால்கூட ஓடிப்போய்க் கம்பியைத் தொட்டுப் பார்க்கிறேன். என்றைக்கு வருகிறார்கள் என்றாவது எழுதுங்கள்.

நாகஜோதி


பல்லாவரம்
24.2.2025

அன்புள்ள நாகு,

வெள்ளிக்கிழமை ஆள் வருகிறது. நோன்பு பிறப்பதற்கு முன் வேலி முடிந்துவிட வேண்டுமாம். இல்லையென்றால் வாங்குகிறவர் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம். தௌபீக் வரவில்லை. எல்லாம் போனில்தான்.

மார்ச் வரை பொறு என்று கெஞ்சினேன். "கல்ல ஒட்டிப் போடச் சொல்லிருக்கேம்மா. அவ மண்ணுல ஒரு விரக்கட போகமாட்டேன். நம்ம மண்ணுல கெடக்குற கம்பிக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்கிறான். "நான் என்ன செய்வது?" என்று நீ எழுதியதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான். நீங்கள் இரண்டு பேரும் பேசுவது ஒன்று போலத்தான் இருக்கிறது.

வேலுச்சாமியை அண்ட விடாதே. பந்தலைவிட அதுதான் எனக்குப் பயம். ஒரு கல் உடைந்தால் அது செய்தியாகிவிடும். பிறகு யார் மண், யார் கம்பி என்று எவனும் கேட்கமாட்டான்.

சல்மா


அனுமந்தன்பட்டி
4.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

வேலி போட்டுவிட்டார்கள். பந்தல் நிற்கிறது. ஒரு கம்பியைக்கூட யாரும் தொடவில்லை. படித்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், மேலே படியுங்கள்.

வந்தவர் ஒட்டன்சத்திரத்துக் காண்ட்ராக்டர். கூட வந்த பையன்களுக்குத் தமிழே தெரியாது. நான் ஓரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அறுத்தால் என்னை இழுத்துப் போட்டுவிட்டு அறுக்கட்டும் என்று. அவர் இழுகல் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

"ஏம்மா, உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா? எல்லக் கல்லுல போயிப் பந்தக் கம்பியக் கட்டி வச்சிருக்க. சர்வேயர் பாத்தா சும்மா விடுவாரா?"

அது எல்லைக்கல் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். உண்மையான எல்லைக்கல் இரண்டும் மூலையில், ஒன்று குப்பைமேட்டுக்கு அடியிலும் ஒன்று ஆவாரஞ்செடிக்குள்ளும் கிடக்கின்றன. வெள்ளையடித்து வரிசையாய் நிற்பது இவைதான். தௌபீக்கும் அவர் போனில் "கல்ல ஒட்டி, கல்ல ஒட்டி" என்றுதான் கத்திக்கொண்டிருந்தான். "ஒட்டித்தான் சார், எட்டுக் கல்லும் பளிச்சுனு இருக்கு" என்று இவர் போட்டோ எடுத்து அனுப்பினார். அவன் ஓகே என்று போட்டான். நான் எல்லோருக்கும் மோர் கரைத்துக் கொடுத்தேன்.

இப்போது ஆறடி அகலத்துக்கு, நீளம் முழுக்க, உங்கள் மண் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கல்லுக்கு வெள்ளை அடித்தது நான். அளந்தால் என்னை யார் நம்புவார்கள்? வேலி போட்ட அன்று வராத வேலுச்சாமி, நேற்று ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, "கெட்டிக்காரிடி நீ, நம்ம புள்ளன்னு காட்டிட்ட" என்று சிரித்தார். அத்தை, ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

இப்போதே சொன்னால் வேலி நகரும், கம்பி போகும், பழம் மண்ணில் கிடக்கும். சொல்லாவிட்டால் நான் திருடி. நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

நாகஜோதி


பல்லாவரம்
10.3.2025

நாகஜோதிக்கு,

உன் கடிதம் வந்த அன்று தௌபீக் ஊருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவரோடு வந்து அளப்பதாகத் திட்டம். நான் முட்டி தாங்கவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்று படுத்துவிட்டேன். என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். எக்ஸ்ரே பார்த்துவிட்டுப் பழைய தேய்மானம்தான் என்றார்கள். அவனுக்கு மனம் கேட்கவில்லை. பெருநாள் கழிந்து போய்க்கொள்ளலாம் என்று டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். நோன்பு வாயோடு பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ பழத்தை வெட்டு.

வெட்டி முடித்ததும் நீயே அவனைக் கூப்பிட்டுக் கல் விஷயத்தைச் சொல். அவன் குளிக்கப் போன நேரத்தில் பக்கத்து வீட்டு யாஸ்மின் பிளாக்கை எடுத்துக் கொடுத்தாள்.

கம்பிக்காக மூன்று கடிதம் எழுதினாய். பக்கம் பக்கமாக எழுதினாய். தௌபீக்கிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு, "நான் என்ன செய்வது" என்று எழுதினாய். கடைசிக் கடிதத்தில் அதுவும் இல்லை. நீ எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும் நாகு. அது அவன் காதில் எப்படி விழுந்தது என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? "அவுக ஊரும் இதேன்" என்று வேலுச்சாமியிடம் சொன்னாயே. அதை என் பிள்ளையிடம் சொல்ல உனக்குத் தோன்றவில்லையே.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் உனக்காக மறுபடியும் எதையாவது செய்துவிடுவேன். அதனால் சொல்கிறேன்.

சல்மா


அனுமந்தன்பட்டி
26.3.2025

அத்தைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். பதில் எதிர்பார்க்கவில்லை.

நேற்றோடு பழம் வெட்டி முடிந்தது. இன்று காலையில் ஓரத்துக் கொடி வரிசையை வெட்டத் தொடங்கிவிட்டோம். புது இழுகல்லுக்கு என் மண்ணுக்குள் குழி எடுத்தாகிவிட்டது. இரண்டு நாளில் கம்பியை மாற்றிவிடுவேன்.

தௌபீக்கை நேற்று மத்தியானமே கூப்பிட்டேன். எடுத்தான். "சொல்லு" என்றான். கல்லைப் பற்றி என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

"அன்னிக்கு நான் கேட்டது தப்புடா. நான் என்ன நெனச்சுக் கேட்டேன்னு சொல்ல வரல. கேட்டதே தப்பு. உனக்கு அது எப்பிடி இருந்திருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல."

அவன் பக்கம் பஸ் சத்தம் கேட்டது. வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு கல், சுண்ணாம்பு, காண்ட்ராக்டர், நான் வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் முட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஆறடியா?"

"ஆறடி. முழு நீளத்துக்கும்."

"அந்தாளு போட்டோ அனுப்புனாரு. நல்லா பெருசு பண்ணிப் பாத்துட்டுத்தேன் ஓகே போட்டேன்" என்றான். "எங்கத்தா பொதச்ச கல்லு. எனக்கே அடையாளம் தெரியல."

நான் அந்த எட்டுக் கல்லையும் திரும்பிப் பார்த்தேன்.

"கம்பிய மாத்திட்டுச் சொல்லு. வேலிய நகட்டிக்கிரலாம் நாகு" என்றான். பிறகு, "மத்தது எனக்குத் தெரியல" என்றான். வைத்துவிட்டான்.

நாகஜோதி