லண்டனில் கண்ட அம்மா

அக்கராயன்,
21 ஜனவரி 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். குளிர் உங்களை அதிகம் வருத்தக்கூடாதென்று அம்மா ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறா. போன் எடுத்தால் வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறீர்கள். வீடியோவில் வரச் சொன்னால் அன்றைக்கென்று உங்கள் போனில் கமரா வேலை செய்யாது. கடிதம் போட்டால்தான் முழுதாகப் பதில் வருகிறது. அதனால்தான் இந்தச் சந்தோஷச் செய்தியையும் எழுதுகிறேன்.

எனக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. மாப்பிள்ளையின் பெயர் ரூபன். நான் வேலை செய்கிற கிளிநொச்சி சூப்பர்மாக்கெற்றுக்கு லொறியில் சாமான் கொண்டுவருகிறவர். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தோட்டத்திலிருந்து வந்து தருமபுரத்தில் குடியேறிய குடும்பம். தகப்பன் இல்லை. தாய் சிவலட்சுமி மாமி தையல் வேலை செய்துதான் அவரை வளர்த்திருக்கிறா. பெரியப்பா வீட்டார் வந்து, எங்கள் ஆட்களுக்குள் மாப்பிள்ளை இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. அம்மா மட்டும் ரூபனோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, "நல்ல பிள்ளை, எனக்கு ஓம்" என்று சம்மதம் சொன்னா.

ஆனி மாதத்தில் நாள் வைத்திருக்கிறோம். எங்கள் பக்கம் ஆட்கள் குறைவு அக்கா. எனக்குக் கூறைச் சேலை உடுத்திவிட நீங்கள் வரவேண்டும். எட்டு வருடமாயிற்று உங்களைப் பார்த்து.

உங்கள் தங்கச்சி,
கிருசாந்தி

-

வெம்பிளி, லண்டன்,
11 பெப்ரவரி 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், இடைவேளையில் திரும்பத் திரும்ப வாசித்தேன். அம்மா ஓம் என்றால் எனக்கு வேறு கேள்வியில்லை. ரூபனுக்கு என் வாழ்த்தைச் சொல்லு. பெரியப்பா வீட்டாரை நினைத்து மனம் நோகாதே.

ஆனால் ஆனியில் எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம். கோடை காலத்தில்தான் எங்கள் தொழிற்சாலையில் வேலை கூடுதல். கூறைச் சேலை என் செலவு, நல்லதாகப் பார்த்து எடு. படங்களை அனுப்பு, நான் பார்த்துச் சந்தோஷப்படுவேன். கோபிக்காதே, என் குஞ்சு.

அன்புடன்,
அக்கா சுதாஜினி

-

அக்கராயன்,
10 மார்ச் 2024

அக்காவுக்கு,

சேலைக்கு நன்றி. சேலை வந்து எனக்குக் கூறை உடுத்திவிடாது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்து ராஜரத்தினம் மாஸ்ரர் வீட்டுக்கு வந்தார். அவருடைய மருமகள் உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவராம், இப்போது லண்டனில் இருக்கிறாவாம். தைப்பொங்கலன்று அங்கே கோயிலில் அம்மாவைக் கண்டு கதைத்தவ என்று மாஸ்ரர் சொன்னார். எப்போது அம்மா லண்டனுக்குப் போய் வந்தவ என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்க, அம்மா மீன் கழுவின கையோடு குசினியிலிருந்து வெளியே வந்தா. மாஸ்ரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

யார் அக்கா அந்த மனுசி? "நீங்கள் சுதாஜினியின்ரை அம்மாவோ" என்று மாஸ்ரரின் மருமகள் கேட்க, "ஓம்" என்று சொன்னாவாம். உங்களுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறதா? யாரையோ அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்களா? அதனால்தான் எங்களுக்கு முகம் காட்டுவதில்லையா? அம்மா ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.

கிருசாந்தி

-

வெம்பிளி, லண்டன்,
29 மார்ச் 2024

என் தங்கச்சிக்கு,

வேறு குடும்பம் ஒன்றும் இல்லை, பிள்ளை. கோயிலில் மாஸ்ரரின் மருமகள் கண்டது என்னைத்தான்.

ஐம்பத்திரண்டு கிலோவில் இங்கே வந்தவள் நான். இப்போது நூறைத் தாண்டிவிட்டேன். முகம் உப்பி, கழுத்து மடிந்து, படி ஏறினால் இளைக்கிறது. முன்தலை நரைத்துவிட்டது. அவள் என் முகத்தில் அம்மாவின் சாயலைக் கண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், என்னைப் பார்த்து அப்படிக் கேட்டாள். நான்தான் சுதா என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு, பிரசாதமும் வாங்காமல் வந்துவிட்டேன்.

எப்படி இப்படி ஆனது என்று கேட்பாய். நான் வேலை செய்வது சூடாக்கி உண்கிற பெட்டிச் சாப்பாடு செய்யும் தொழிற்சாலையில். பெட்டி நசுங்கினதை வேலையாட்களுக்கு மலிவாகத் தருவார்கள். நான் இருக்கும் அறை வீட்டுக்காரி, கறி மணம் வரக்கூடாதென்று சொல்லித்தான் அறை தந்தாள். மைக்ரோவேவ் மட்டும் பாவிக்கலாம். வேலை முடிந்து வந்தால் ஒரு பெட்டியைச் சூடாக்குவேன். கட்டிலில் வந்து இருக்க முன்னமே அது முடிந்துவிடும். முடிந்த கையோடு பிஸ்கட், பிறகு சோடா. அதற்குப் பிறகும் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும்.

சிகிச்சை நிலையத்தில் ஒரு நேர்ஸ் இருக்கிறா, கானா நாட்டுக்காரி. முதல்முறை போனபோது ஏசப்போகிறா என்று பயந்தேன். அவ ஏசவில்லை. இந்தச் சாப்பாடெல்லாம் மெல்லத் தேவையில்லாத அளவுக்கு மென்மையாகச் செய்தது, அதனால் வயிறு போதும் என்று சொல்ல முந்தியே கூடுதலாக உள்ளே போய்விடும், யாருக்கும் அப்படித்தான் என்றா. எனக்கு அழுகை வந்தது. அத்தனை வருடமும் நான் ஒரு தீனிப்பண்டாரம் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேர்ஸுக்குச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். என் அலுமாரி நிறையப் பக்கெற்றுகள். நூடில்ஸ், பிஸ்கட், ரின்னில் அடைத்த மீன், எல்லாம் பழுதாகாத சாமான். ஒன்று குறைந்தால் நெஞ்சு அடிக்கும், போய் இரண்டு வாங்குவேன். கடைசிச் சண்டையில் மாத்தளனில் நாங்கள் சாப்பாடில்லாமல் கிடந்த மாதங்களுக்குப் பிறகு எனக்கு இந்தப் பழக்கம். அதற்குப் பிறகு செட்டிகுளம் அகதி முகாமில் முதல்முதல் தந்த பிஸ்கட் பக்கெற்றை நான் எப்படித் தின்றேன் என்று உனக்கு நினைவிருக்காது. நீ சின்னப்பிள்ளை.

உன் கலியாண வீட்டில் ஆட்கள் உன்னைப் பார்க்க வேண்டும், என்னை அல்ல. அதனால்தான் வரவில்லை என்றேன். லீவு கேட்டால் தருவார்கள். அது பொய்.

மன்னித்துக்கொள்.
அக்கா

-

அக்கராயன்,
20 ஏப்ரல் 2024

என் உயிரான அக்காவுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். பிறகு அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கோபிக்காதீர்கள், மறைக்க எனக்கு முடியவில்லை.

அம்மா கடிதத்தை வாங்கி மடித்துத் தன் மடியில் வைத்தா. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கஞ்சிக்கு வரிசையிலை நிண்ட பிள்ளை. அவள் சாப்பிட்டதுக்கு ஆர் குறை சொல்லுறது? எனக்கு என்ரை பிள்ளையைப் பாக்கவேணும். வரச் சொல்லு."

நான் சின்னப்பிள்ளைதான் அக்கா, ஆனால் மறக்கவில்லை. மாத்தளனில் கஞ்சி கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டு, "எனக்குப் பசிக்கேல்லை, நீ குடி" என்பீர்கள். நான் நம்பிக் குடித்தேன். உங்களுக்கு எப்படிப் பசிக்காமல் இருந்தது என்று பெரியவளான பிறகுதான் யோசித்தேன். இன்றைக்கு நான் உயிரோடு மணவறையில் இருக்கப்போகிறேன் என்றால் அது உங்கள் பங்குக் கஞ்சியில் வளர்ந்த உடம்பு. இதுவரை உங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இங்கேயும் நிலைமை ஒன்றும் வேறில்லை. கடையில் காசு வாங்கும் மேசையில் இருந்து நான் பார்ப்பது அதைத்தான். வயல் செய்கிற ஆட்களே நூடில்ஸும் சொசேஜும் சோடாவும் கட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்கும் மத்தியானத்தில் சுடுதண்ணீர் ஊற்றும் நூடில்ஸ்தான், யூனிபோமை இரண்டு தரம் அகட்டியாயிற்று. ரூபன் லொறியில் ஏற்றிவருவதும் அதே பெட்டிகள்தான்.

சிவலட்சுமி மாமி உங்களுக்குச் சேலைச் சட்டை தைக்கப்போகிறா. அளவு அனுப்புங்கள், உண்மையான அளவு. நீங்கள் வராவிட்டால் நான் கூறை உடுத்தமாட்டேன். இது வெருட்டு இல்லை.

உங்கள்
கிருசாந்தி

-

லண்டன்,
22 செப்டெம்பர் 2024

என் அன்புத் தங்கச்சிக்கும் ரூபனுக்கும்,

சுகமாக வந்து சேர்ந்து, வேலையும் தொடங்கி, இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். நேரில் நின்றபோது சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுத இவ்வளவு நாள் பிடித்தது.

விமான நிலையத்திலிருந்து வாகனத்தில் வரும்போது, பாதி வழியிலேயே அப்படியே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அவ்வளவு பயம். வாசலில் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வித்தியாசமும் இல்லை. கையைப் பிடித்து, "வழியிலை ஏதும் சாப்பிட்டனியே?" என்று மட்டும் கேட்டா. நீ பின்னால் நின்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய், உன் கைகள் முன்னால் வந்து சேரவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு உனக்கு நன்றி.

ஒன்று உனக்குத் தெரியாது, நீ மணவறையில் இருந்தாய். மண்டபத்தில் எங்கள் ஊர் மனுசி ஒருத்தி, நாலு பேர் கேட்க, "என்ன பிள்ளை, இப்பிடி ஊதிப்போனாய்?" என்று கேட்டாள். நான் எழும்பி வெளியே போகப் பார்த்தேன். சிவலட்சுமி மாமி எங்கிருந்து வந்தாவோ தெரியாது. என் தோளில் கை போட்டு, "இது எங்க சம்பந்தி வீட்டு மூத்த பொண்ணு. நீ முன்னால வந்து உக்காரு தாயி" என்று முதல் வரிசையில், தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினா. பெரியப்பா வீட்டாருக்குப் போட்டு வைத்து வெறுமையாய்க் கிடந்த கதிரை அது. அவ தைத்த சட்டை எனக்கு எங்கேயும் இறுக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு சபையில் மூச்சை அடக்காமல் இருந்தேன். உனக்குக் கிடைத்த மாமி நல்லவ. அவவை நீ பார்த்துக்கொள்.

அங்கே நின்ற நாட்களில் அம்மா குரக்கன் புட்டும், குளத்து மீனும், பொன்னாங்காணியும் மாறி மாறித் தந்தா. ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எனக்குப் போதும் என்றிருந்தது. சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சம் வைத்தேன். வைத்துவிட்டு நானே பயந்துபோனேன். அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டா. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி மிச்சம் வைக்கலாம், அது கோழிக்குப் போகும், நாளைக்கும் அடுப்பு எரியும் என்று அப்போதுதான் என் வயிற்றுக்கு விளங்கியது போல.

இங்கே வந்ததும் வேறு அறை பார்த்தேன். குசினி உள்ள அறை. இது கொஞ்சம் தூரம், பஸ்ஸில் கூடுதல் நேரம் போகிறது. ஆனாலும் நானே சமைக்கலாம். நேர்ஸ் நிறுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டா. பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஆறேழு கிலோ இருக்கும். களைத்து வரும் நாட்களில் இன்னும் பெட்டியைத்தான் உடைக்கிறேன், அதையும் உனக்கு மறைக்கவில்லை. மெலிந்த பிறகுதான் ஊருக்கு வருவேன் என்ற நினைப்பை விட்டுவிட்டேன். அடுத்த தைப்பொங்கலுக்கு வருகிறேன், இருக்கிற உடம்போடு.

அம்மாவுக்கு என் முத்தம். நீங்கள் எல்லாரும் என்னை வரச் சொன்னதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

அடுப்பில் சோறு கொதிக்கிறது, போய் வடிக்க வேண்டும். இன்றைக்கு அளவாகத்தான் அரிசி போட்டேன். நாளைக்குரியதை நாளைக்குச் சமைக்கலாம்.

உன் அக்கா,
சுதா