ரெண்டாம் ஜோனில் போனவள்

சிட்டு,

இன்றைக்கும் உன் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சின்ன மெஷினைச் சார்ஜில் போட்டேன். கண்ணாடி கீறிக் கிடந்தாலும் 'பீப்' என்று உயிர் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் என் மகள் வேம்பார் ரோட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். இப்போது கேட்டால் ஆத்திரம்தான் வருகிறது.

நேற்று, உன்னை அடித்த லாரிக்காரர் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். கையில் எழுதிக் கொண்டுவந்த காகிதம். "ரேஸ் ஓட்டுத பிள்ள, பறந்து வந்து குறுக்க விழுந்துட்டுன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து போடுங்க, கேஸ் முடிஞ்சிரும்" என்கிறார். உன் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். ரேஸ்காரி என்றால் எந்நேரமும் பறப்பாளாம்! யார் பார்த்தது?

அன்றைக்கு நான் கூட இல்லை, ஆனால் நீ மிதிக்கிறதை நாள்தோறும் பார்த்தவள். நீ பழகும்போதெல்லாம் மீன் கூடை கட்டின மொபெட்டில் உன் பின்னாலேயே வந்தவள். "மீன் வாடை பின்னால வந்தா கால் தானா மிதிக்கும்மா" என்று கேலி பண்ணுவாய். ஒவ்வொருத்தராகத் தனியே விட்டு நேரம் பார்க்கிற போட்டியில், முதல் தடவை உன்னைக் கெடுத்ததே நான்தான். "ஏளா, அழுத்துளா!" என்று கத்தினேன். என் பேச்சைக் கேட்டு எடுத்த எடுப்பிலேயே மெஷினில் சிவப்புக்குப் போனாய். திரும்புகிற இடத்தில் வாந்தி எடுத்தாய்.

அப்புறம்தான் என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாய். "கால் எவ்வளவு அழுத்துதுன்னு இந்த நம்பர் சொல்லும்மா. நீலம் ரெண்டாம் ஜோன், பேசிக்கிட்டே நாள் பூரா மிதிக்கலாம். மஞ்சள் நாலாம் ஜோன், போட்டியில அதுலயே நிக்கணும். சிவப்பு கடைசிக்கு மட்டுந்தான்." அடுத்த போட்டியில் நான் வாயைத் திறக்கவில்லை. நீ மஞ்சளை விடவில்லை. "வாய மூடுனதுக்கு உனக்குத்தான் மெடல்" என்று என் கழுத்தில் மாட்டினாய்.

அஞ்சாவதோடு நின்றவள்தான், நம்பர் வாசிக்கத் தெரியாதா எனக்கு? மெஷினை அண்ணாச்சி முகத்துக்கு நேரே நீட்டினேன். அன்றைக்குக் காலை முழுக்க நீலம். கடைசியில் நூற்றிப் பதினெட்டு, நூற்றி இருபது, நூற்றிப் பத்தொன்பது. பிறகு சைபர்.

"எதுக்காத்துல இந்த மிதிக்குப் பேரு பறக்கதா அண்ணாச்சி?"

"மெஷினெல்லாம் சாட்சி சொல்லுமாம்மா?"

"உங்க டிரைவரு சொல்லுததவிட நல்லாவே சொல்லும்."

காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போடத் தெரிந்த கைதான், போடவில்லை. நாளைக்கு மெஷினை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அங்கேயும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஜோன் என்றால் என்னவென்று நீலத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லுவேன்.

அந்த மூன்று நம்பரையும் ஜெபம் போலச் சொல்லிக்கொண்டுதான் மீன் விற்கப் போகிறேன். பயந்திருந்தால் உன் கால் ஒரு அழுத்து அழுத்தியிருக்கும், நம்பர் ஏறியிருக்கும். ஏறவே இல்லை. பின்னால் லாரி வந்தது உனக்குத் தெரியவே இல்லைதானே, மக்ளே?