கைப்பை வைத்த கதிரை

உடுவில்,
14.09.2024

அன்புள்ள மகள் ஜெயனிக்கு,

கர்த்தர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும். இங்கே நானும் கிணறும் பப்பாசி மரமும் இருக்கிறோம். வட்ஸப்பில் நான் அனுப்பிய எதையும் நீ பார்க்கவில்லை. அதனால் கையால் எழுதி, வருகிற வியாழக்கிழமை ரொறன்ரோவுக்குப் பறக்கிற உதயகலா ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். அவவின் முகத்துக்காகவாவது வாங்குவாய். கிழிப்பதானால் அவ போன பிறகு கிழி.

உனக்கு மார்கழியில் கல்யாணமாம். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது றோஸ் மாமி சொன்னா. அவவின் மகனுக்குக் கார்ட் வந்துவிட்டதாம். எனக்கு வரவில்லை என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. “ஓமோம், உந்தக் குளிருக்கை போறதோ எண்டுதான் யோசிக்கிறன்” என்று சிரித்துச் சமாளித்தேன். பெற்ற மகளின் கல்யாணத்தை வெங்காயக் குவியலுக்கு முன்னால் நின்று கேட்டு அறிந்த தாய் இந்த ஊரில் நான் ஒருத்திதான். அது உனக்குச் சந்தோசம் என்றால் நன்றாகச் சந்தோசப்படு.

நான் கனடாவுக்கு உன்னிடம் வந்து நின்றபோது அந்தச் சீனச் சாப்பாட்டுக் கடையில் நடந்ததை வைத்துத்தான் நீ என் உறவை வெட்டிவிட்டாய். உனக்கு வசதியானதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பாய். நான் நடந்தபடி எழுதுகிறேன்.

றேமண்டின் அம்மாவைச் சந்திக்க என்று சொல்லித்தான் கூட்டிப்போனாய். கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிய இடம், ஒரே இரைச்சல். வட்ட மேசையில் நீ, உன்னைக் கட்டப்போகிற றேமண்ட், நான். நாலாவது கதிரை வெறுமையாக இருந்தது. அம்மா பிறகு வருவா என்றாய். நான் அதில் என் கைப்பையை வைத்தேன். றேமண்ட் தேத்தண்ணீர் ஊற்ற, நீ இரண்டு விரலால் மேசையைத் தட்டினாய். உதென்ன தாளம் என்று கேட்டேன். இங்கே நன்றி சொல்கிற முறை என்றாய். முப்பத்தொரு வயதில் நன்றி சொல்லப் பழகியிருக்கிறாய், அதுவும் ஒரு வாய்த் தேத்தண்ணீருக்கு.

மூங்கில் கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டில்கள் மேசை மேசையாக வந்தன. மூடியைத் திறந்து காட்டுவார்கள், விரும்பியதை எடுக்கலாம். எங்கள் பக்கம் வந்தவ ஒரு குள்ளமான மனுசி. அறுபது வயது இருக்கும், கையெல்லாம் ஆவி பட்ட தழும்பு. அவ நீட்டிய இறால் கொழுக்கட்டையை நான் வேண்டாம் என்றேன். எங்கள் ஊரில் கேட்டவுடனே யார் கை நீட்டுவார்கள்? இரண்டு தரம் வேண்டாம் என்போம், மூன்றாம் தரம் வற்புறுத்தினால் சாப்பிடுவோம். இது உனக்குத் தெரியாததா? நீயும் றேமண்டும் எடுத்து எடுத்துச் சாப்பிட்டீர்கள். என் பீங்கான் வெறும் பீங்கானாகக் கிடந்தது. அம்மா, ஒன்றாவது எடுங்கோ என்று நீ ஒரு சொல் கேட்கவில்லை.

கேட்டது அந்த மனுசிதான். சுற்றிச் சுற்றி வந்து, மூன்றாம் தரம் கோழிக்கால் கூடையைத் திறந்து, தானே ஒன்றை எடுத்து என் பீங்கானில் வைத்துச் சாப்பிடச் சொல்லிக் கை காட்டினா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் நாய்க்குப் போடுகிற சாமான் என்பதால் இல்லை. என் மகள் கேட்காததை ஒரு வேலைக்காரி கேட்கிறாளே என்றுதான். தமிழ் யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிவில் வாயை விட்டேன். “வண்டில் தள்ளுறவளின்ரை கையாலை வாங்கித் தின்ன நான் என்ன பிச்சைக்காரியோ, உவளை அங்காலை போகச் சொல்லு” என்றேன். பீங்கானையும் தள்ளிவிட்டேன். றேமண்ட் குச்சியைக் கீழே வைத்தான். ஒரு வருடமாக நீ அவனுக்குத் தமிழ் படிப்பித்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை?

அரை மணித்தியாலம் கழித்து அந்த மனுசி ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தா. கதிரையில் கிடந்த என் கைப்பையை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினா. பிறகு அந்தக் கதிரையில் இருந்தா. இவ என்ரை அம்மா என்று றேமண்ட் தமிழில் சொன்னான். என் மடியில் பை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் தரம் அவ வந்தபோதே நீ சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று காரில் கேட்டேன். “ஆரெண்டு தெரியாட்டி நீங்கள் எப்பிடி நடக்கிறீங்கள் எண்டு பாத்தனான்” என்றாய். தாய்க்குச் சோதனை வைத்தாய், தாய் சித்தியடையவில்லை. அதோடு விட்டாயா? “நீங்களும் உதே வேலைதானே அம்மா செய்தனீங்கள்” என்று அவன் காதிலும் விழும்படி சொன்னாய்.

ஓம், செய்தேன். உன் அப்பா செத்த பிறகு பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூட விடுதியில், அந்தப் போடிங் சாப்பாட்டறையில் சோற்று வாளி தூக்கினேன். ஆறாம் வகுப்பில் நீ அதே போடிங்கில் சேர்ந்த அன்று என்னிடம் என்ன கேட்டாய்? “மற்றப் பிள்ளையளுக்கு முன்னாலை என்னோடை கதைக்காதேங்கோ.” நான் கதைக்கவில்லை. ஏழு வருடம் உன் பீங்கானில் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனேன். நீ ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கனடாவுக்குப் போனதும் என்னைப் போடிங்கையே நடத்துகிற மேற்றன் ஆக்கினாய். றேமண்டுக்கும் அவன் அம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாய். சரி, நீ தந்த பதவிக்கு ஏற்றபடி நானும் மேற்றனாக நடந்தேன். அது பிழையாம். அவனுடைய தாய் வண்டில் தள்ளினால் உனக்குப் பெருமை, உன்னுடைய தாய் வாளி தூக்கினால் வெட்கம். அந்த வேலையைக் கேவலம் என்று எனக்குப் படிப்பித்தவளே நீதான்.

நான் திரும்பவேண்டிய நாளுக்கு மூன்று கிழமைக்கு முந்தியே விமான ரிக்கற்றை மாற்றி என்னை அனுப்பினாய். விமான நிலையத்தில் காரை விட்டு இறங்கவும் இல்லை. இங்கே வந்து முழங்காலில் நின்று, உனக்கும் ஒரு மகள் பிறக்கவேண்டும், அவள் நாலு பேருக்கு முன்னால் உன்னை யாரென்று தெரியாத மாதிரி நடக்கவேண்டும் என்று ஜெபித்தேன். அடுத்த நாள் அந்த ஜெபத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். கர்த்தர் தந்தாரோ தெரியாது. கவனமாக இரு.

அன்று கடையிலிருந்து புறப்படும்போது அந்த மனுசி ஒரு சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் திணித்தா அல்லவா? அதைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று உனக்குச் சொன்னேன். பொய். அடுத்த நாள் நீ வேலைக்குப் போன பிறகு உன் குசினியில் நின்றபடி எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கோழிக்காலின் எலும்பைக்கூடச் சூப்பினேன். அவ்வளவு ருசி. அழுகை வந்தது. ஏன் வந்தது என்று உனக்கு எழுத மாட்டேன்.

கார்ட் அனுப்பு, ஜெயனி. மன்னிப்புக் கேட்க இந்தக் கைக்கு இன்னும் எழுத்து வரவில்லை. ஆனால் கல்யாணத்தன்று அந்த மனுசி வண்டிலைத் தொடக்கூடாது. அவ கதிரையில் இருக்கட்டும், நான் பரிமாறுகிறேன். அவ இரண்டு தரம் வேண்டாம் என்றாலும் மூன்றாம் தரம் வைப்பேன். யாராவது என்னைக் கேட்டால் மேற்றன் என்று மட்டும் சொல்லாதே. உன் பீங்கானுக்கு வரும்போது நான் ஒன்றும் கதைக்க மாட்டேன், பயப்படாதே. அந்த ஒரு தரம் நீ நிமிர்ந்து பார்.

உன்னையும் றேமண்டையும் அவன் அம்மாவையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
மிரியம்