கடைசியில் வருபவளின் சீழ்க்கை

பைனாகுலரின் வாரில் இன்னும் உன் தைல வாசனை இருக்கிறது. உன் வீட்டுக்காரர் அதை என்னிடம் கொடுத்தபோது, வாரை மட்டும் துவைத்துத் தரட்டுமா என்று கேட்டார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். இன்று காலை அதைக் கழுத்தில் மாட்டியதும் நீ பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஐப்பசி பிறந்தால் நம் தெருக்காரர்களைப் பாகூர் ஏரிக்கரைக்கு இழுத்துப்போவோமே. வலசை வரும் பறவைகளைப் பார்க்க என்று பேர். பாதிப் பேர் நீ கொண்டுவரும் சுண்டலுக்கு வந்தார்கள். நான் முன்னால், நீ கடைசியில். முன்னால் போகிறவள் திரும்பித் திரும்பிப் பார்த்தால் பறவை மிரளும் என்று நீதான் சட்டம் போட்டாய். கடைசி ஆளும் வந்து சேர்ந்ததும் நீ இரண்டு தரம் சீழ்க்கை அடிப்பாய். இரண்டாவது மேலே ஏறும். அது கேட்டால்தான் நான் நடப்பேன். "பொம்பள விசில் அடிக்கிறத ஊரே பாக்குதுடி" என்றார் எதிர்வீட்டு ரோசி அக்கா. "பாக்கட்டும்க்கா, கூட்டம் சேரும்" என்றாய்.

மதகுக்குப் பக்கத்துக் கருவேல மரத்துக்கு வருஷா வருஷம் வந்து அதே கிளையில் உட்காரும் பழுப்புக் கீச்சானை மட்டும் திட்டுவாய். "மத்த பறவைங்க கொரலெல்லாம் திருடி வச்சிக்கினு கத்துறான் பாரு, களவாணி."

சித்திரையில் காய்ச்சலென்று படுத்தவள் எழவே இல்லை.

கல்லறைத் திருநாளன்று உனக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மறுநாள் விடிந்ததும் எல்லாரையும் கூட்டிப்போனேன். உன் இடத்தில் வேறு ஆளை நிறுத்த மனசு வரவில்லை. மழை விட்ட காலை, ஏரியை மூடிய பனி. மதகில் நின்றேன். பின்னாலிருந்து சீழ்க்கை வந்தது. இரண்டாவது மேலே ஏறியது. திரும்பிப் பார்க்கப் பயந்தேன். கால் மட்டும் பழக்கத்தில் நடந்துவிட்டது.

கரை முடிவில்தான் ரோசி அக்காவைக் காணவில்லை என்று தெரிந்தது. திரும்பி ஓடினோம். மதகருகே சறுக்கி விழுந்து, இடுப்பளவு சேற்றில் கோரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் இல்லை.

"கத்துனேனே, இன்னாத்துக்குடி நிக்காம போன?"

"விசில் கேட்டுச்சேக்கா."

"எனக்குந்தான் கேட்டுது. அவ வந்துட்டா, தூக்கிடுவான்னு கத்துறத நிறுத்திட்டேன்."

பனி விலகியது. கருவேலக் கிளையில் களவாணி. எங்கள் கண்ணெதிரே அலகைத் திறந்து உன் சீழ்க்கையை அடித்தது. போன வருஷம் உன்னிடம் கேட்டதை வடக்கே ஏதோ குளிர்நாட்டுக்குக் கொண்டுபோய், நீ செத்தது தெரியாமல் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. காரணம் தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். எனக்குக் கூடியது.

அதன்பிறகு நான் சீழ்க்கையை நம்புவதில்லை. நின்ற இடத்திலெல்லாம் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவரவர் குரல் கொடுக்கிறார்கள். இன்று மதகில் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் உன் பேரையும் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கருவேல மரத்திலிருந்து இரண்டு தரம் சீழ்க்கை வந்தது.

"வந்துட்டா, நட" என்றார் ரோசி அக்கா.