சூட்டை விட்டு, கரியைப் பிடிக்கும் துணி

என் பாசத்துக்குரிய மச்சானுக்கு,

நீங்கள் போயிருக்கிற இடத்தில் குளிரா, வெக்கையா? குளிர் என்றால் இந்நேரம் அங்கேயும் சுவரில் ஓட்டை போட்டிருப்பீர்கள். அங்கே இருக்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

போடிமெட்டுக்கு அப்பால் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம் உங்கள் பொறுப்பு. அதன் சுவரை ஒட்டியே உங்கள் வீடு. அந்தப் பக்கம் விறகு உலை கனன்றுகொண்டிருக்க, இந்தப் பக்கம் நாம் ஏன் நடுங்க வேண்டும் என்று நடுச்சுவரை உடைத்து வழி விட்டது உங்கள் மூளை. சூடு வந்தது. கூடவே கரித்தூளும் வந்தது. சோற்றில் கரி, பாயில் கரி, கைக்குழந்தையின் மூக்கில் கரி. இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அக்கா பேச்சியம்மாள் கீழே சிலமலைக்கு, எங்கள் வீட்டுக்கு இறங்கிவிட்டாள்.

"பிள்ளை மூக்குல கரி ஏறாத வீடுன்னா வர்றேன். இல்லாட்டி அந்த ஏலக்காயோடயே குடும்பம் நடத்தச் சொல்லு" என்றாள்.

ஓட்டையை அடைத்துவிடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அடைச்சா பிள்ளை வெறைச்சுப் போகும் மாப்ளே" என்றீர்கள். அதுவும் நிஜம்தான்.

போடியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு, முகூர்த்தச் சேலை எடுக்கும் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? "மாப்ளே, சூட்டை விடணும், கரியை விடக் கூடாது. அப்படி ஒரு துணி கொண்டா, வெரசா!"

முதலாளி மரியாதையாகக் கேட்டார். "யாருக்குங்க, பொண்ணுக்கா மாப்பிள்ளைக்கா?"

"செவத்துக்கு" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு வேலை போகாதது தெய்வச் செயல்.

ஓட்டையில் சாக்கை ஆணி வைத்து அறைந்தீர்கள். கரியோடு சணல் தூசியும் சேர்ந்து பறந்தது. கொசுவலை கட்டினீர்கள். அதில் ஒரு பல்லி மாட்டியதைத் தவிர வேறு பலன் இல்லை. முரட்டுக் காடாத் துணி கரியைப் பிடித்தது; சூட்டையும் பிடித்து வைத்துக்கொண்டது. கடைசியில் நான் மெல்லிய மல்துணியை இரண்டாக மடித்துக் கொடுத்துவிட்டேன். அது சரியாக அமைந்தது. துவைத்த வேட்டியை ராத்திரி முழுக்க விரித்துப் போட்டும் ஒரு பொட்டுக் கரி விழவில்லை என்று ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினீர்கள். நேரில் பார்க்காமல் மகளை அனுப்ப மாட்டேன் என்று எங்கள் ஆத்தா கிளம்பினாள். அக்கா, பிள்ளை, நான், எல்லோரும் ஜீப்பில் ஏறினோம்.

வீட்டுக்குள் போனால் குளிர் எலும்பைப் பிடித்தது. நீங்களோ வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து, "கரி இருக்கா அத்தை? பாத்துச் சொல்லுங்க, கரி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

"கரி இல்ல மாப்பிள்ளை" என்றாள் ஆத்தா, பல் கிடுகிடுக்க. "சூடும் இல்ல."

பதறி ஓடி உலையில் விறகைத் திணித்தீர்கள். வீடு சூடாகவில்லை. அடுத்த அறையில் பச்சைப் பசேலென்று இருந்த ஏலக்காயெல்லாம் சூடு மிஞ்சி மஞ்சளடித்து வெடித்தது. அக்கா குழந்தைத் துணியை மூட்டை கட்டத் தொடங்கினாள். அப்போது உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை மச்சான். இந்த முறை இறங்கினால் அவள் திரும்ப மாட்டாள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எழுந்து போய் அந்தத் துணியைத் தொட்டேன். தட்டினேன். கதவைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"மச்சான், இதுக்குக் கஞ்சி போட்டீங்களா?"

"பின்ன? கரியா இருந்துச்சு, வேட்டியோட சேத்து வெளுக்கப் போட்டேன். மாமியா மொத மொதல்ல வர்றாக. மொடமொடன்னு இருக்க வேணாமா?"

அக்கா சிரித்தாள். மூட்டை கையிலிருந்து நழுவ, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு வெந்நீர் வைத்து, துணியின் கண்ணை அடைத்திருந்த கஞ்சி போக அலசி, பிழிந்து, அவளே அதைக் கட்டினாள். துணி காயக் காயச் சூடு உள்ளே வந்தது. "இந்த மனுசனை நம்பி ஒரு துணியைக்கூட விட்டுட்டுப் போக முடியாது" என்றவள் மூட்டையைப் பிரித்தாள்.

இப்போதைய செய்தி சொல்கிறேன். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்துவிட்டார்கள். உங்கள் வீடு இனிக் கேரளமாம், எங்கள் வீடு அதே சென்னை ராஜ்யமாம். ஆத்தாவுக்கு இது பிடிபடவில்லை. மகளை வெளிநாட்டில் கொடுத்ததுபோல் ஊரெல்லாம் புலம்புகிறாள். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், பாதி மலையாளம் பேசுகிறாள். ஒரு காய்ச்சலுக்கா நீங்கள் இப்படிப் போவது? எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நீங்கள் பார்த்த உலை வேலையை அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டாள். போன வாரம் நானும் ஆத்தாவும் மேலே போய், "பிள்ளையை வச்சுக்கிட்டு ஒத்தையில எதுக்குக்கா இங்க? கீழ வந்துரு" என்று கூப்பிட்டோம். அவள் உலையை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

"கரிக்குப் பயந்து ஒரு தடவை எறங்கி வந்தேன்ல? அத்தனை நாளும் அவரு ஒத்தையிலதான இருந்தாரு. அந்த நாளை எல்லாம் எனக்கு யாருடா திருப்பித் தருவா?"

மச்சான், நீங்கள் இருந்தால் ஏதாவது கோணங்கித்தனம் செய்தாவது அவளைச் சிரிக்க வைத்திருப்பீர்கள்.

இனி அவளை இறங்கி வா என்று கூப்பிட மாட்டேன். நானே ஏறிப் போவேன். இது சத்தியம்.

உங்கள் பேச்சியோடு பிறந்த,
உங்கள் மாப்ளே