பல் கடிப்புக்கு ஒரு சாட்சி

மார்ச் 3, செவ்வாய்
கொட்டாவி விட்டபோது இடது காதருகே தாடை மூட்டு 'டக்' என்றது. வாய் பாதியில் நின்றுவிட்டது. கையால் தாங்கி மூட வேண்டியிருந்தது. அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒப்பந்தங்களைத் திருத்துகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. மதியம் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கினேன்.

மார்ச் 6, வெள்ளி
பல் மருத்துவர் மூட்டைத் தொட்டுப் பார்த்து, ஒளிச் சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார். பேனா போன்ற கருவியிலிருந்து வரும் சிவப்பு ஒளியை மூட்டின் மேல் வைப்பார்களாம். சிலருக்கு வலி குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை. வாக்குறுதி எதுவும் தரவில்லை. அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டானது அங்கேதான். ஒப்புதல் படிவத்தில் 'ஏதேனும்' என்ற சொல் வரம்பின்றி நிற்பதைச் சுட்டிக்காட்டினேன்.

"சார், நீங்க வாயைத் திறந்தா போதும். வாதாட வேண்டாம்," என்றார்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுண்டா என்று கேட்டார். தூங்கும்போது நடப்பதைப் பற்றி எனக்கு நேரடி அறிவு இருக்க இயலாது என்றேன்.

"வீட்டுல கேட்டுச் சொல்லுங்க. அதை நிறுத்தாம லைட் மட்டும் வச்சா, வலி திரும்பி வந்துடும்."

யாரைக் கேட்பது? மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போய் ஏழு மாதமாகிறது.

மார்ச் 10, செவ்வாய்
முதல் சிகிச்சை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. காதுக்கு முன்னால் லேசான அழுத்தம், சூடு தெரியவில்லை. மருத்துவர் விரல் நுனியால் வலிக்கும் இடத்தைத் தேடினார். இன்னொருவர் கை என் முகத்தில் பட்டு எவ்வளவு காலமாயிற்று? — இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதியதை அடித்துவிடவும் மனமில்லை.

மார்ச் 13, வெள்ளி
வலி சற்றுக் குறைவு. ஒளியாலா, மென்மையான உணவாலா, நிர்ணயிக்க இயலாது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று மருத்துவர் மறுபடி கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய்தான்.

மார்ச் 15, ஞாயிறு
மனைவியை ஃபோனில் அழைத்தேன். கேள்வியை முன்கூட்டியே தாளில் எழுதித் திருத்தி வைத்திருந்தேன். நலம் விசாரிக்கும் வரி அதில் இல்லை என்பது அவள் குரலைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. எழுதியதையே படித்தேன்.

அவள் சொன்னாள்: "கல்யாணமான நாள்லேர்ந்து கடிக்கிறீங்க. பகல்லயும்தான். நான் ஏதாவது கேட்டா பதில் சொல்லாம பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களே, அது என்னவாம்?"

இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா, எந்தத் தேதின்னு கேப்பீங்க."

வைத்துவிட்டாள்.

கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்தான். என்னத்தைச் சொல்றது — பயமா இருந்துச்சு. வாயை விட்டு வந்த வார்த்தையைத் திருத்தி எழுத முடியாதேன்னு பயம். அதை எதுக்கு அவகிட்ட சொல்லாமலே இருந்தேன்?

மார்ச் 17, செவ்வாய்
ஆம், கடிக்கிறேன் என்று மருத்துவரிடம் தெரிவித்தேன். உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் படக் கூடாது. பகலெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒளி தொடர்கிறது.

மார்ச் 20, வெள்ளி
இன்று வாய் முழுதாகத் திறந்தது. சொல்லிக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 22, ஞாயிறு
தாள் எதுவும் வைத்துக்கொள்ளாமல் அவளை அழைத்தேன். எப்படி இருக்கிறாய் என்றேன். நீ இல்லாமல் வீடு சரியில்லை என்றேன். எந்த விதத்தில் என்று அவள் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். சனிக்கிழமை தன் தையல் மெஷினை எடுத்துப் போக வருவதாக மட்டும் சொன்னாள்.

மார்ச் 29, ஞாயிறு
நேற்று வந்தாள். பேசிக்கொண்டிருந்ததில் கடைசி பஸ் போய்விட்டது. அடுத்த அறையில் படுத்துக்கொண்டாள்.

காலையில் தேநீரை வைத்துவிட்டு, என் பக்கம் பாராமலே, "ராத்திரி நீங்க பல்லைக் கடிக்கலை," என்றாள்.

ஒரு சத்தம் எழவில்லை என்று உறுதியாகச் சொல்பவர் விழித்திருந்திருக்க வேண்டும். இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள கதவும் திறந்திருந்திருக்க வேண்டும். படுக்கப் போகுமுன் அதை நான் சாத்தியிருந்தேன்.