தரையில் வைத்த காப்பி

தஃபீலா,
அக்டோபர் 18, சனிக்கிழமை

அன்பு மகள் ரனீமுக்கு,

இறைவனின் சாந்தியும் கருணையும் உன்மீது நிலவட்டும். நானும் அம்மாவும் நலம். ஸ்பெயினில் காலை நேரத்தில் கை விறைக்கிறது என்று சொன்னாய். அம்மா கம்பளிக் கையுறை பின்னி வைத்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு பாராசூட் கயிற்றை இழுக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அப்போ இறங்கினப்புறம் போட்டுக்கட்டும் என்கிறாள்.

நீ கேட்டபடி அண்ணன் சனத்தின் பாராசூட்டை அனுப்புகிறேன். அண்ணனின் ராணுவத் தோழன் ஃபவ்வாஸின் சித்தப்பா மகன் இருபத்து நான்காம் தேதி மாட்ரிட் வருகிறான். அவன் கையில் பையும், பையின் மேல் இந்தக் கடிதமும், ஒரு சிறிய தகரம் ஒலிவ எண்ணெயும் வரும். எண்ணெய் இந்த வருஷத்துது. ஒன்பது தகரம்தான் தேறியது. மழை பிந்தியதால் காய் சிறுத்துவிட்டது. நான் மரம் ஏறவில்லை, ஆள் வைத்துப் பறித்தோம். ஏன் ஏறவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. போன வாரம் ரொட்டிக் கடையில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வானத்துலேர்ந்து விழுந்த பையனோட அப்பாதானே நீங்க என்று கேட்டார். இல்லை என்றேன். ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்தான், அறுநூற்றுப் பதினொரு தடவை குதித்தான், அறுநூற்றுப் பதினொரு தடவையும் காலூன்றி இறங்கினான், ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை ஆறே காலுக்கு முகாமில் ஓடிக்கொண்டிருந்தவன் ஷூ நாடாவைக் கட்ட உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை என்று சொன்னேன். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தோரு வருஷம் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவன் நான். என் மகனைப் பற்றிய செய்தி தப்பாகப் போகக் கூடாது.

அம்மா இதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினாள். அவன் குதிக்கிற நாளெல்லாம் நான் மாடியில நின்னு வானத்தையே பாத்துட்டிருந்தேன், அது தரை வழியா வந்துடுச்சு என்றாள்.  இப்போது மாடிக்கும் போவதில்லை. துணி காயப்போட நான்தான் போகிறேன். நான் சட்டையைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாளாம். அவள் சிரித்ததே எனக்குப் போதும்.

இப்போது பாராசூட் விஷயம்.

பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஃபவ்வாஸ் வந்தான். வரும்போதே கத்தரிக்கோல், நூல், ஈய முத்திரை எல்லாம் கொண்டுவந்திருந்தான். பெரிய பாராசூட்டைப் பார்த்து முடித்துவிட்டு, அவசரத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டையும் திறக்க வேண்டும் என்றான். அண்ணன் கட்டி முத்திரை வைத்தது, யாரும் தொடவில்லை, அதை எதற்குத் திறக்கிறாய் என்று நான் கேட்டேன். மடித்த தேதிகளைப் பதியும் அட்டையை எடுத்துக் காட்டினான். கடைசி வரியில் ஏப்ரல் இரண்டு என்று போட்டு சனத்தின் கையெழுத்து. இறப்பதற்கு ஏழு நாள் முன்னால்.

ஃபவ்வாஸ் சொன்னான்: ஆறு மாசம் ஆயிடுச்சு மாமா. இழுத்தாலும் இழுக்காட்டியும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சுப் பாத்தே ஆகணும். நான் பிரிக்காம அனுப்பினேன்னு வைங்க, சனத் கப்ருலேர்ந்து எந்திரிச்சு வந்து என்னைத் திட்டுவான்.

அவன் திட்டுவான்தான். அந்தக் கேப்டன் கதை உனக்குத் தெரியும். ஒன்பது நாள் தேதி கடந்த ரிசர்வோடு விமானம் ஏற வந்தவரைச் சனத் வழிமறித்து நிறுத்தினானே. உன்னை ஜெயில்ல போடுவேன்டா என்று அவர் கத்தியதற்கு, போடுங்க சார், நீங்க உயிரோட இருந்து என்னை வந்து பாக்கணும், அதான் எனக்கு வேணும் என்றானாம். ஃபவ்வாஸ் அதை அந்தக் கேப்டனின் குரலிலேயே நடித்துக் காட்டினான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

விருந்தினர் அறையில் மெத்தைகளைச் சுவரோரம் ஒதுக்கினோம். அடிப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவன் முத்திரை வைத்த சிவப்பு நூலை வெட்டினான். வெள்ளைத் துணி வெளியே வந்துகொண்டே இருந்தது. அறையை அடைத்து, வாசற்படி வரை போனது. அம்மா வாசலில் வந்து நின்றாள், மிதிக்காமல் இருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டாள். ஃபவ்வாஸ் மண்டியிட்டபடியே ஒவ்வொரு தையலாக, ஒவ்வொரு கயிறாக விரலால் தடவிப் பார்த்தான். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை, ராணுவத்துல இதைவிட நல்லா யாரும் மடிக்க முடியாது என்றான்.

எல்லாம் சரியாத்தானே இருக்கு, அப்போ எதுக்குடா என் பிள்ளை கட்டினதைக் கலைச்சே என்று அம்மா கேட்டாள். அவள் குரல் உயர்ந்துவிட்டது. ஃபவ்வாஸ் தலை நிமிராமலே பதில் சொன்னான்: சரியா இருக்குன்னு இப்போ தெரியும் அத்தை. காலைல தெரியாது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

 வெட்டிய சிவப்பு நூலை ஈய முத்திரையோடு எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போனாள். அது இப்போது அவளுடைய சாவிக் கொத்தில் இருக்கிறது.

ஃபவ்வாஸே அதை மறுபடி மடித்துப் புது முத்திரை வைத்தான். அட்டையில் சனத்தின் கையெழுத்துக்குக் கீழே இனி ஃபவ்வாஸின் கையெழுத்து இருக்கும். அதைப் பார்த்துத் திடுக்கிடாதே.

சாப்பிடும்போது ஃபவ்வாஸ் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மன்சஃப் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தான். என்னடா, இறைச்சி வேகலையா என்று அம்மா கேட்டதற்கு அழுதுவிட்டான். பிறகு சொன்னான். போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில், ரம் பாலைவனத்தில் குதித்து இறங்கிய சனத் இரண்டு நிமிஷம் மண்டியிட்டபடியே இருந்தது. உதடு வெளுத்திருந்தது. தான் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்தது. வெறும் வயிறு, வேறொண்ணும் இல்லை, டாக்டர்கிட்ட போச்சுன்னா என்னைத் தரையில உக்கார வெச்சுடுவாங்க என்று சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாதென அவன் சத்தியம் வாங்கியது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், ரனீமும் அங்கே இருந்தாளா என்று. ஃபவ்வாஸ் சுவரைப் பார்த்தான்.

ரனீம், மகளே, இதைக் கேள். அடக்கம் முடிந்த நாலாம் நாளே நீ ஏன் கிளம்பிப் போனாய் என்று ஆறு மாதமாக எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அன்றைக்கே நீ என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பிடாமக் குதிக்காதேடா கழுதை என்று அவனைத் திட்டியிருப்பேன். அவ்வளவுதான் செய்திருப்பேன். இருபத்து நாலு வயசுப் பையனின் இதயத்தை யார் சந்தேகப்பட்டார்கள்? இதை உனக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, சரிபார்த்து எழுதுகிறேன்.

மரம் ஏறாததற்குக் காரணம் இதுதான். ஜூன் மாதம் அம்மான் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் என் இதயத்தைப் படம் பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்கு இதயச் சுவர் தடித்திருந்தது, அது பிறப்பிலேயே வருவது, குடும்பத்தில் எல்லோரும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னது உனக்கும் தெரியும். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பதினாறு மில்லிமீட்டர். பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டுமாம். சனத்துக்கு இருபத்து நாலு. தினம் ஒரு மாத்திரை தருகிறார்கள். மரம் ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

ஆகவே அவனுக்கு அது என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவனுக்கு உங்க மூக்கும்தான் வந்துச்சு, அதுக்கு நான் உங்களைக் கோர்ட்டுக்கா இழுத்தேன் என்றாள். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டரம்மா சொன்னாள். வந்திருந்தால் மாத்திரை இருக்கிறது, நெஞ்சில் வைக்கும் சிறு கருவி இருக்கிறது, பல வருஷம் வாழலாம். ஒருவேளை குதிக்க முடியாமல் போகும். வராமலும் இருக்கலாம். அப்போது உன் பேரப்பிள்ளைகள் பயந்து அலறும் வரைக்கும் குதித்துக்கொண்டிரு.

போனில் நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்துட்டா என்னை விமானத்துல ஏத்தமாட்டாங்க பாபா, பேப்பர் வராதவரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லை என்றாய்.   அதற்கு என் பதிலும், மேலே எழுதியபடி ஃபவ்வாஸ் அம்மாவுக்குச் சொன்னதுதான்.

நவம்பர் இருபத்தொன்று, அண்ணனின் பிறந்த நாளன்று, அவன் பாராசூட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டாவது தடவை குதிக்கப்போகிறேன், அந்தக் கணக்கு பாதியில நிக்கக் கூடாது என்றாய். அறுநூற்றுப் பதினொன்று பாதி இல்லை, மகளே. அது அவனுடைய முழு எண். எனக்கு அது போதும்.

ஃபவ்வாஸ் ஒரு யோசனை சொன்னான். மாமா, பாராசூட்டை அனுப்பாதீங்க, டெஸ்ட் எடுத்துக் காட்டினாத்தான் தருவேன்னு சொல்லுங்க, அவ வழிக்கு வருவா என்றான். வேண்டாம் என்றேன். அது உன் அண்ணனுடையது, அவனுக்குப் பிறகு உன்னுடையது. உன் பொருளை நான் பிடித்துவைத்துக்கொண்டு உன்னிடம் பேரம் பேச மாட்டேன். நீ வேண்டுமென்றால் பையைப் பிரித்த அன்றே எடுத்துக்கொண்டு குதிக்கலாம். உன்னைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதை உன் அண்ணன்தான் காட்டிக்கொடுத்தான்.

அப்போது உனக்குப் பத்தொன்பது வயசு. குதிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நீ நின்றாய், முடியாது என்று நான் நின்றேன். இரண்டு வாரம் இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாசல் மணி அடித்தது. திறந்தால் சனத். சீருடையும் பதக்கமும் போட்டுக்கொண்டு, தலையில் சிவப்புக் கட்டத் துண்டும் கட்டிக்கொண்டு, பெண் கேட்டு வந்த பெரிய மனிதரைப்போல நின்றான். சாவி அவன் பையிலேயே இருந்தது. விருந்தினர் அறைக்குப் போய்க் கதவருகே உட்கார்ந்தான். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பி கொண்டுவந்தாள். கோப்பையை வாங்கினான், உதட்டில் வைக்கவில்லை, தனக்கு முன்னால் தரையில் வைத்தான். ஊரார் என்னை அழைப்பதுபோலவே, சனத்தோட தகப்பனாரே, உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கோம், கிடைச்சாத்தான் குடிப்போம் என்றான். சனத் நீதானேடா என்றேன். அந்தப் பையன் ரொம்ப நல்லவன்னு கேள்விப்பட்டோம், விஷயம் அவன் தங்கச்சியைப் பத்தி என்றான்.

நீ கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. என்ன செய்வேன்? வீட்டுக்கு வந்து கோப்பையைத் தரையில் வைத்தவனை வெறும் வாயோடு திருப்பி அனுப்பினான் என்ற பேர் என் அப்பாவுக்கும் கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது. காப்பியைக் குடியுங்கள், கேட்டது கிடைத்தது என்று சொன்னேன். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சக்கரை போடவே மாட்டீங்களா இந்த வீட்ல என்றான்.

இன்று காலை அம்மாவிடம் காப்பி கேட்டேன். கொண்டுவந்தாள். நான் இப்போது வழக்கமாக உட்காரும் இடத்தில் இல்லை. கதவருகே, அன்று அவன் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுதுகிறேன். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டேன். தகப்பன் மகளுக்கு முன்னால் கோப்பையை வைத்ததாக இந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பரவாயில்லை. ரனீம், உன்னிடம் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன். அந்தப் பாராசூட்டைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போ. இருபது நிமிஷம்தான் ஆகும், வலிக்காது. வருவது எதுவானாலும் எனக்குச் சொல்.

நீ சொல்லும்வரை நான் காப்பி தொடுவதில்லை. டாக்டரம்மா சொல்லியே காப்பியை விடாதவர், இப்போ என்ன வீம்பு, ராத்திரிக்குள்ள தலைவலின்னு வந்து நிப்பீங்க பாருங்க என்று அம்மா முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே போய் ஒரு சிறிய தட்டை எடுத்துவந்து, ஈ விழாமல் கோப்பையை மூடி வைத்தாள். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் உங்கள் இருவரையும் வானத்தில் காக்கும்படிதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது தொழுகைக்குப் பின் அவள் உதடு அசைவதைக் கவனிக்கிறேன். தரையையும் சேர்த்துக்கொள்கிறாள். நானும் அதையே வேண்டுகிறேன். வானத்திலும் தரையிலும் இறைவன் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சனத்துக்கும் ரனீமுக்கும் தகப்பன்